64 லிட்டரும் 40 சென்டிமீட்டரும்: ஓர் அறுகோண மீன் தொட்டியின் நிகழ்வு ஆய்வு

தொட்டி அறுகோண வடிவம். ஒவ்வொரு பக்கமும் 20 செ.மீ. அகலம், உயரம் 62 செ.மீ. விளிம்பு வரை நிரப்பினால் 64 லிட்டர் பிடிக்கும். உள்ளே ஜீப்ரா டேனியோ என்ற கோடு போட்ட சிறு மீன்கள் பத்து, தரையில் மேயும் கோரிடோரஸ் என்ற சிறு கெளுத்திகள் ஆறு, அடர்த்தியாக வளர்ந்த வாலிஸ்நேரியா செடி, ஓர் இன்டர்னல் ஃபில்டர், 27 டிகிரியில் வைத்த ஹீட்டர். தொட்டி ஓடத் தொடங்கிப் பல மாதங்கள் ஆகிவிட்டதால் புதுத் தொட்டிக்கு வரும் கோளாறு (கழிவைச் சிதைக்கும் பாக்டீரியா இன்னும் வளராததால் அம்மோனியா சேர்வது) என்று சொல்ல வழியில்லை. கூட்டமும் அதிகமில்லை. விரல் நீளம்கூட இல்லாத மீன்களுக்கு 60 லிட்டருக்கு மேல் தண்ணீர் இருக்கிறது. மீன் வளர்ப்பவர்கள் போடும் எந்தக் கணக்கைப் போட்டாலும் இந்தத் தொட்டி தேறிவிடும்.

ஆனால் மீன்கள் நன்றாக இல்லை. விடிகாலையில், விளக்கு போடுவதற்கு முன் பார்த்தால், டேனியோக்கள் எல்லாம் மேலே கூடி வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருக்கும். பகல் ஏற ஏற அது அடங்கிவிடும். பாதி மீன்களுக்கு வால் கிழிந்திருந்தது. கோரிடோரஸ்களின் மீசை தேய்ந்து குட்டையாகியிருந்தது. வைத்திருந்தவர் இதை நோய் என்றே எடுத்துக்கொண்டார். மருந்து ஊற்றினார், தண்ணீரை அடிக்கடி மாற்றினார், உணவைக் குறைத்தார். எதற்கும் அசையவில்லை. அதற்குப் பிறகுதான் என்னை வந்து பார்க்கச் சொன்னார்.

முதலில் பார்த்தவை

தண்ணீரைச் சோதித்தேன். மீன் கழிவிலிருந்து வரும் நச்சுகளான அம்மோனியா 0, நைட்ரைட் 0; அவை சிதைந்து கடைசியில் மிஞ்சும் நைட்ரேட் லிட்டருக்கு 20 மில்லிகிராம். ஃபில்டர் தன் வேலையை ஒழுங்காகச் செய்கிறது என்று அர்த்தம். மீன்களின் உடம்பில் வெள்ளைப் புள்ளி இல்லை, பஞ்சு போன்ற பூஞ்சை இல்லை, செவுள் நிறம் மாறவில்லை. வால் அழுகல் நோயாக இருந்தால் கிழிந்த ஓரம் வெளுத்தோ சிவந்தோ இருக்கும், நாளாக நாளாக உள்ளே ஏறும். இங்கே ஓரம் சுத்தமாக, பிய்த்தெடுத்தது போல இருந்தது. அப்படியென்றால் கடி.

எண்ணிப் பார்க்கலாம் என்று உட்கார்ந்தேன். அறுகோணத் தொட்டியில் மீன்களை எண்ணுவது லேசான வேலை இல்லை. இரண்டு கண்ணாடிகள் சேரும் மூலைக்கு அருகே ஒரு மீன் வந்தால், இந்தப் பக்கக் கண்ணாடியில் ஒன்று, அந்தப் பக்கக் கண்ணாடியில் ஒன்று என்று இரண்டாகத் தெரியும். ஆறு மூலை இருப்பதால் இந்த மயக்கம் ஓயாது. மூடியை எடுத்துவிட்டு, மேலிருந்து படம் பிடித்து எண்ணினால் டேனியோ எட்டுதான் இருந்தது. அவர் பத்து இருப்பதாகவே நம்பிக்கொண்டிருந்தார். செத்த ஒன்றின் மிச்சம் பிற்பாடு வாலிஸ்நேரியாவின் வேரடியில் கிடைத்தது. இன்னொன்று கிடைக்கவே இல்லை. டேனியோ நன்றாகத் துள்ளும் மீன்; மூடியில் ஹீட்டர் ஒயருக்காக விட்டிருந்த இடைவெளி அதற்குத் தாராளம்.

அப்புறம் ஃபில்டர். தண்ணீர் விழும் சத்தம் இரவில் தூக்கத்தைக் கெடுத்ததாம். அதனால் ஃபில்டரை அரைத் தொட்டி ஆழத்துக்கு இறக்கி, அதன் வாயைக் கீழ்நோக்கித் திருப்பி வைத்திருந்தார். சத்தம் நின்றது. கூடவே மேல்மட்டத் தண்ணீரின் அசைவும் நின்றது. மேலே எண்ணெய் படிந்தது போல மெல்லிய ஆடை ஒன்று கட்டியிருந்தது. விரலால் தொட்டால் இரண்டாகப் பிரிந்து மறுபடி சேர்ந்துகொண்டது.

மூச்சுத் திணறல்

மீன் சுவாசிக்கும் ஆக்சிஜன் பெரும்பாலும் தண்ணீரின் மேற்பரப்பு வழியாகத்தான் உள்ளே போகிறது. கரியமில வாயு வெளியேறுவதும் அதே வழியில். ஆகவே எத்தனை லிட்டர் என்பதோடு, எவ்வளவு தண்ணீர் காற்றைத் தொட்டுக்கொண்டிருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். இந்தத் தொட்டியின் மேற்பரப்பு சுமார் 1,040 சதுர செ.மீ. 75 செ.மீ. நீளம், 30 அகலம், 30 உயரம் என்று சாதாரண நீள்சதுரத் தொட்டி ஒன்றை எடுத்தால் அதிலும் 67 லிட்டர் அளவுதான் பிடிக்கும். ஆனால் அதன் மேற்பரப்பு 2,250 சதுர செ.மீ. தண்ணீர் ஏறக்குறைய ஒன்று, மூச்சு விடும் வாசல் இரண்டு மடங்குக்கு மேல்.

வெப்பமும் இதில் சேர்கிறது. 20 டிகிரியில் ஒரு லிட்டர் நன்னீரில் அதிகபட்சம் 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரைந்திருக்கும். 27 டிகிரியில் அது 8 மில்லிகிராம் அளவுக்கு இறங்கிவிடும். செடிகள் பகலில் ஆக்சிஜனைக் கொடுக்கின்றன, இரவில் மீன்களோடு போட்டி போட்டு எடுத்துக்கொள்கின்றன. தொல்லை விடிகாலையில் உச்சத்துக்குப் போய், விளக்கு எரிந்ததும் தணிந்ததற்குக் காரணம் அதுதான். உயரம் இன்னொரு கேடும் செய்திருந்தது. மூடியில் இருந்த விளக்கின் வெளிச்சம் 60 செ.மீ. கீழே போவதற்குள் மங்கிவிட்டதால், செடிகளின் அடி இலைகள் பழுத்து அழுகிக் கிடந்தன. அழுகும் இலையும் ஆக்சிஜனைத் தின்னும்.

சந்தேகத்தை உறுதி செய்ய எளிய வழி இருந்தது. ஃபில்டரை மேலே ஏற்றி, தண்ணீர் மேற்பரப்பைக் கலக்கும்படி வாயைத் திருப்பினோம். அடியில் ஓர் ஏர் ஸ்டோன் (பம்பிலிருந்து வரும் காற்றைக் குமிழிகளாக விடும் கல்) போட்டோம். ஏர் ஸ்டோனிலிருந்து வரும் குமிழிகள் தண்ணீரில் கரைந்துதான் ஆக்சிஜன் கிடைக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். குமிழி மேலே ஏறும்போது அடித் தண்ணீரையும் கூடவே இழுத்து வந்து மேற்பரப்பைப் புரட்டிப் போடுவதுதான் அதன் முக்கிய வேலை. உயரமான, ஒடுங்கிய தொட்டியில் இந்தப் புரட்டலுக்கு மதிப்பு அதிகம். பழுத்த இலைகளையும் கத்தரித்து எடுத்தோம்.

மறுநாள் காலையிலேயே டேனியோக்கள் மேலே கூடவில்லை. கோரிடோரஸ்கள் இன்னும் தெளிவாகச் சொல்லின. கோரிடோரஸ் அவ்வப்போது சர்ரென்று மேலே போய் ஒரு வாய் காற்றை விழுங்கி வரும். அந்தக் காற்றிலிருந்து குடல் வழியாக ஆக்சிஜன் எடுத்துக்கொள்ளும் திறன் அதற்கு உண்டு. எப்போதாவது அப்படிப் போனால் அது இயல்பு. முன்பெல்லாம் ஒன்று இறங்குவதற்குள் அடுத்தது ஏறிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு முறையும் அரை மீட்டருக்கு மேல் ஏறி, அரை மீட்டர் இறங்க வேண்டும். ஏர் ஸ்டோன் போட்ட பிறகு அந்த ஏற்ற இறக்கம் வெகுவாகக் குறைந்து, அவை தரையில் மேயத் தொடங்கின.

சரி, பிரச்சினை தீர்ந்தது என்று அவர் நினைத்தார். வால் மட்டும் தொடர்ந்து கிழிந்துகொண்டிருந்தது.

ஓடுவதற்கு இடம்

இங்கேதான் இந்தத் தொட்டியின் முக்கியமான விஷயம் இருக்கிறது. உயரமான தொட்டி என்றாலே ஆக்சிஜன் பற்றாக்குறையைத்தான் எல்லோரும் சொல்வார்கள். நல்ல ஃபில்டரும் ஏர் பம்பும் இருக்கும் காலத்தில் அந்தக் குறையைப் பெரும்பாலும் சரிக்கட்டிவிடலாம். மின்சாரம் நின்றால் மறுபடி ஆபத்து என்பது உண்மை. இருந்தாலும் அது கருவியால் ஈடுகட்டக்கூடிய குறை. நீளத்தை ஈடுகட்ட ஒரு கருவியும் கிடையாது.

ஜீப்ரா டேனியோ நாலைந்து சென்டிமீட்டர்தான் வளரும். ஆனால் நாள் முழுக்க ஓடும், அதுவும் கிடைமட்டமாக. கூட்டத்துக்குள் அவற்றுக்கு மேல் கீழ் என்ற வரிசை உண்டு. பலமான மீன் மற்றதைத் துரத்தும், துரத்தப்பட்டது கொஞ்ச தூரம் ஓடியதும் விட்டுவிடும். அந்தக் கொஞ்ச தூரம் கிடைக்காவிட்டால் துரத்தல் கடியில் போய் முடியும். இந்த அறுகோணத்தில் மூலைக்கு மூலை 40 செ.மீ., பக்கத்துக்குப் பக்கம் 35 செ.மீ.கூட இல்லை. தண்ணீர் நிறைய இருந்தது, எல்லாம் செங்குத்தாக இருந்தது. டேனியோவுக்கு அந்த உயரம் எதற்கும் உதவவில்லை.

நான் பார்த்தது இது. எட்டில் ஒரு ஆண் மீன் மேல் பாதியைத் தனதாக்கிக்கொண்டிருந்தது. மற்றவை கண்ணாடியை ஒட்டியே ஆறு பக்கமும் சுற்றிச் சுற்றி வந்தன. சுற்றில் எங்கே போனாலும் அந்த ஆண் மீன் கண்ணில் படும் தூரத்திலேயே இருந்தது. ஒரு மீன் தப்பி ஓடினால், பாதிச் சுற்று சுற்றி, துரத்திய மீனின் எதிரிலேயே வந்து நிற்கும். வால் மிக மோசமாகக் கிழிந்திருந்த ஒன்று ஹீட்டருக்குப் பின்னால் தலைகீழாக ஒண்டிக்கொண்டு, உணவு போடும்போது மட்டும் வெளியே வந்தது.

முதலில் தொட்டியை மாற்றாமலே சில வழிகளைப் பார்த்தோம். நடுவில் ஒரு மரக்கட்டையை நிறுத்திப் பார்வையை மறைத்தோம். துரத்தல் கொஞ்சம் குறைந்தது போலத் தெரிந்தது, ஆனால் ஏற்கெனவே குறுகிய இடம் இன்னும் குறுகியது. கூட்டத்தைப் பெரிதாக்கினால் அடி எல்லோருக்கும் பரவலாகப் பிரியும் என்ற யோசனையும் வந்தது. நீளமான தொட்டியில் அது நன்றாக வேலை செய்யும். இங்கே வேண்டாம் என்று விட்டோம். பின்பக்கத்து மூன்று கண்ணாடிகளில் கறுப்புத் தாள் ஒட்டியது மட்டும் தெளிவான பலன் தந்தது. தொட்டி அறை நடுவில் நின்றதால் ஆட்கள் எந்தப் பக்கம் நடந்தாலும் மீன்கள் மிரண்டுகொண்டிருந்தன. ஒரு முதுகு கிடைத்ததும் மிரளுவது குறைந்தது. ஆனால் கடி நிற்கவில்லை.

தரை

கோரிடோரஸின் மீசை வேறு கதை. அறுகோணத்தின் தரையும் அதே 1,040 சதுர செ.மீ.தான், அதில் செடியும் கட்டையும் போக மிச்சத்தில் ஆறு மீன்கள் மேய வேண்டும். அதைவிடப் பெரிய சிக்கல், அந்தத் தரைக்கு அவர் கை எட்டவில்லை. தோள்பட்டை வரை நனைத்துக் கையை விட்டாலும் விரல் நுனி சரளைக்கு மேலேயே நின்றது. சைஃபன் குழாயை ஒரு குச்சியில் கட்டி இறக்குவார். அது செடிகளுக்கு நடுவே உள்ள சரளையைத் தொடாமல் மேலோட்டமாக உறிஞ்சிவிட்டு வந்துவிடும். மேலிருந்து விழும் உணவு அத்தனை ஆழம் இறங்கி, சரளை இடுக்குகளில் போய் அழுகியது. அழுக்கான தரையைத் துழாவும் மீனுக்கு மீசை நிலைக்காது.

ஆழமான தொட்டியை வாங்குகிறவர்கள் கை நீளத்தை அளந்து பார்ப்பதில்லை. என் கணக்கில் 50 செ.மீ.க்கு மேல் உயரம் உள்ள எந்தத் தொட்டியும், கருவியோடு மட்டும் பழகத் தயாராக இருப்பவருக்கானது.

மாற்றியது, கண்டது

கடைசியில் 75 × 30 × 30 தொட்டி வந்தது. ஒப்பிட்டுப் பார்க்க வசதியாக இருக்கட்டும் என்று பெரும்பாலானவற்றை அப்படியே வைத்தோம்: அதே மீன்கள், அதே உணவு, அதே 27 டிகிரி, அதே ஃபில்டர். ஃபில்டரை உள்ளே இருந்த பஞ்சோடு, கழுவாமல், ஈரம் காயாமல் மாற்றினோம். பாக்டீரியா கூடவே போனதால் அம்மோனியா ஏறவில்லை. தண்ணீரின் அளவும் கிட்டத்தட்ட அதே. மூடியில் இடைவெளி விடவில்லை.

டேனியோக்கள் முதல் நாள் ஒரு மூலையில் கூடி நின்றன. அப்புறம் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குக் கூட்டமாக ஓட ஆரம்பித்தன. அறுகோணத்தில் அவை ஒரு கூட்டமாக நீந்தி ஒருநாளும் நான் பார்த்ததில்லை. அந்த ஆண் மீன் துரத்துவதை விடவில்லை, குணம் மாறிவிடுமா என்ன. ஆனால் துரத்தப்பட்ட மீன் நேராக அடித்துக்கொண்டு போய்விடுகிறது, துரத்தியதும் பாதி வழியிலேயே சலித்துத் திரும்பிவிடுகிறது. சில வாரங்களில் வால்கள் வளர்ந்து ஓரம் சீரானது. ஹீட்டருக்குப் பின்னால் ஒண்டியிருந்த மீன் இப்போது எது என்று அடையாளம் சொல்ல முடியவில்லை.

மீசைகளும் ஓரளவு வளர்ந்தன. அதை முழுக்க வடிவத்தின் கணக்கில் எழுதிவிடக் கூடாது. புதுத் தொட்டியில் சரளைக்குப் பதிலாக மெல்லிய மணல் போட்டோம், கையும் தரைக்கு எட்டுகிறது. இவற்றில் எது எவ்வளவு உதவியது என்று பிரிக்க வழியில்லை. வால் விஷயம் அப்படி இல்லை. அங்கே மாறியது பெரும்பாலும் நீளம் ஒன்றுதான்.

அறுகோணத்தைத் தூக்கிப் போடவில்லை. அதில் இப்போது ஆண் கப்பிகள் சிலவும் செர்ரி இறால்களும் இருக்கின்றன. கப்பி மேல்மட்டத்தில் நெளிந்து திரியும் மீன், நீண்ட ஓட்டம் கேட்காது. இறாலுக்குச் செடி, கட்டை, கண்ணாடி எல்லாமே தரைதான். உயரத்தை முழுதாகப் பயன்படுத்துவது இந்தத் தொட்டியில் அது மட்டுமே. மேலே மிதக்கும் செடிகள். ஏர் ஸ்டோன் இரவும் பகலும் ஓடுகிறது.

மற்ற வடிவங்களைப் பற்றி

இந்த நிகழ்விலிருந்து உருண்டைக் கிண்ணத்துக்குப் போனால் கணக்கு இன்னும் மோசம். 30 செ.மீ. விட்டமுள்ள கிண்ணத்தில் பாதி வரை நிரப்பினால் 7 லிட்டர் தண்ணீர், 707 சதுர செ.மீ. மேற்பரப்பு. இன்னும் 10 செ.மீ. ஊற்றினால் தண்ணீர் 13 லிட்டராகும், மேற்பரப்போ 393 சதுர செ.மீ. ஆகிவிடும். தண்ணீர் ஏற ஏற காற்றைத் தொடும் பரப்பு சுருங்குகிறது. இதில் 20 செ.மீ.க்கு மேல் வளரக்கூடிய தங்கமீனைப் போடுவது வழக்கமாகிவிட்டது. இத்தாலியின் மோன்சா நகரம் 2004-இலும், ரோம் நகரம் 2005-இலும் தங்கமீனை உருண்டைக் கிண்ணத்தில் வைப்பதைத் தடை செய்தன. மோன்சாவில் சொன்ன காரணம், வளைந்த கண்ணாடி வழியே மீனுக்கு உலகம் கோணலாகத் தெரிகிறது என்பது. எனக்கு அது இருப்பதிலேயே பலவீனமான காரணமாகப் படுகிறது. மேற்பரப்பு, இடம், ஃபில்டர் வைக்க முடியாமை ஆகிய மூன்றே தடைக்குப் போதும்.

வட்டம் என்றாலே கெடுதல் என்றும் ஆகாது. மீன் பண்ணைகளில் பெரும் வட்டத் தொட்டிகள்தான் விரும்பப்படுகின்றன. தண்ணீர் சுழலும்போது கழிவு நடுவில் சேர்ந்து வடிகாலில் இறங்கிவிடும், மீன்களும் முட்டாமல் சுற்றலாம். ஜெல்லி மீன்களுக்கு மூலையே ஆகாது; மூலையில் சிக்கிக் கிழிந்துபோகும் என்பதால் வளைந்த தொட்டியில் நீரோட்டத்தால் அவற்றை மிதக்க வைக்கிறார்கள். பண்ணைத் தொட்டி அகன்றது, ஆழம் குறைந்தது, மீட்டர்கணக்கில் விட்டம் கொண்டது. மேசை மேல் நிற்கும் உருளைத் தொட்டிக்கும் அதற்கும் வட்டம் ஒன்றுதான் பொது.

உயரத்தை உண்மையிலேயே கேட்கும் மீன்களும் உண்டு. ஏஞ்சல் மீனின் உடம்பே செங்குத்தானது; வளர்ந்த மீனுக்கு மேல் துடுப்பு நுனியிலிருந்து கீழ்த் துடுப்பு நுனி வரை 20 செ.மீ.க்கு மேல் வரும். அதற்கு 45 செ.மீ. உயரமாவது வேண்டும், தாழ்ந்த தொட்டியில் துடுப்பு மடங்கும். தட்டு போன்ற உடம்புள்ள டிஸ்கஸ் மீனும் அப்படித்தான். அதற்காக இந்த அறுகோணத்தில் ஏஞ்சல் ஜோடி விடலாமா என்று அவர் கேட்டார். உயரம் பொருந்தும், அகலம் பொருந்தாது. முட்டையிடும் காலத்தில் ஜோடி ஒரு இடத்தைப் பிடித்துக் காவல் காக்கும், மற்ற மீனுக்கு ஒதுங்க இடம் இருக்காது. வேண்டாம் என்றேன்.

ஃபைட்டர் மீனுக்கு எதிர்மாறு. காற்றைச் சுவாசிக்க அடிக்கடி மேலே வர வேண்டும், நீளமான துடுப்புகளைச் சுமந்துகொண்டு ஏறுவது அதற்குப் பாடு. 20 முதல் 30 செ.மீ. ஆழமும், மேற்பரப்புக்கு அருகே சாய்ந்துகொள்ள அகல இலையும் போதும். ஆப்பிரிக்காவின் டாங்கனிக்கா ஏரியில் கிளிஞ்சலுக்குள் வாழும் சிக்லிட் இன மீன்கள் வாழ்நாள் முழுக்க ஒரு கிளிஞ்சலைச் சுற்றியே இருக்கும்; அவற்றுக்குத் தரைப் பரப்புதான் சொத்து, உயரம் வீண்.

கனசதுரத் தொட்டி நடுவாந்திரம். 40 செ.மீ. கனசதுரம் 64 லிட்டர் பிடிக்கும், மேற்பரப்பு 1,600 சதுர செ.மீ. மெதுவாக நீந்தும் சிறு மீன்களுக்கும் செடி அலங்காரத்துக்கும் அழகு. டேனியோவுக்கு இதிலும் நீளம் போதாது. முன்பக்கம் வளைந்த தொட்டிகள் நீள்சதுரத்துக்கு ஒன்றும் குறைந்தவை அல்ல. பாசி எடுக்கும் சாதாரணத் தட்டைக் காந்தச் சுரண்டி வளைவில் சரியாக ஒட்டாது, அவ்வளவே. உருளைத் தொட்டிகள் பெரும்பாலும் அக்ரிலிக் பிளாஸ்டிக்; தப்பான சுரண்டி ஒருமுறை பட்டாலே நிரந்தரக் கீறல்.

கண்ணாடியின் தடிமனைத் தீர்மானிப்பதில் லிட்டரைவிட உயரத்துக்குத்தான் பங்கு அதிகம். அடியில் வரும் நீர் அழுத்தம் உயரத்தை மட்டுமே பொறுத்தது, பக்கச் சுவர் தாங்க வேண்டிய மொத்த விசையோ உயரத்தின் வர்க்கத்தில் ஏறும். ஒரே அகலச் சுவரில் உயரம் இரண்டு மடங்கானால் விசை நான்கு மடங்கு. அதனால் அதே லிட்டருக்கு உயரத் தொட்டி செய்யத் தடித்த கண்ணாடி கேட்கும், எடையும் சிறிய அடித்தளத்தில் குவியும், இடித்தால் சாயும் வாய்ப்பும் கூடும். நீளத் தொட்டியின் தொல்லை வேறு: தண்ணீர், மணல், கண்ணாடி எல்லாம் சேர்ந்து 100 கிலோவை நெருங்கும் அந்த எடை 75 செ.மீ. நீளத்துக்கும் சமமாக இறங்க வேண்டும். பலகை நடுவில் கொஞ்சம் தொய்ந்தாலும் அடிக் கண்ணாடி விரிசல் விடும் அல்லது கண்ணாடிகளை ஒட்டியிருக்கும் சிலிக்கோன் பசை விட்டுப்போகும். ஆகவே மட்டம் பார்த்து, அடியில் ஒரு தெர்மாகோல் தகடு விரித்து, பாதி தண்ணீர் ஊற்றியதும் மறுபடி மட்டம் பார்த்த பிறகே மீதியை நிரப்பினோம்.